கரண்ட் போனால் வெளியே வருகிறவர்கள்

கரண்ட் போனால் கம்ப்யூட்டருக்குள் இருப்பவர்கள் எங்கே போவார்கள் என்று செம்மாம்பாளையத்தில் யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் பதில் சொல்வார்கள்: வெளியே வந்து உட்காருவார்கள், வேறெங்கே போவார்கள். ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை காற்றாலைகள் சுழன்றுகொண்டிருக்க, ஊருக்குள் மட்டும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கரண்ட் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஃபேன் நின்ற மறுநிமிடம் வீட்டிலிருப்பவர்களெல்லாம் விசிறியும் பாயுமாக வீதிக்கு வந்துவிடுவார்கள், பெரிய கிணற்று வீதியில் மூர்த்தி கேம்ஸ் என்று போர்டு மாட்டிய கடையிலிருந்தும் அப்படித்தான் வந்தார்கள். முதலில் ஆடிக்கொண்டிருந்த காலேஜ் பசங்கள், பிறகு கடைக்காரன் திருமூர்த்தி, அவனுக்குப் பின்னால் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு கரடி, அதற்கும் பின்னால் ஒற்றைக்கண் கப்பல் கேப்டன் ஒருவர். உள்ளே புழுக்கம் தாங்கவில்லை என்று எல்லாருக்கும் இருந்த காரணம்தான் அவர்களுக்கும் இருந்தது.

வீதி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் நாள் நாய்கள் கரடியைப் பார்த்துக் குரைத்தன, மறுநாள் கடமைக்குக் குரைத்தன, அதற்கடுத்த நாள் அதன் காலடியிலேயே படுத்துக்கொண்டன. அந்தக் கரடி தன் கேமில் ஒரு வக்கீல், ஊரே கைவிட்ட ஒரு கேஸை நடத்திக்கொண்டிருந்தது. இட்லிக்கடை ருக்குமணியக்கா மிஞ்சிய போண்டாவைத் தட்டில் போட்டுக் கொடுத்துக்கொண்டே தன் பங்காளி வீட்டு வழித்தடத் தகராறை அதனிடம் சொல்ல, அது கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். அதன் கோட்டில் ஒரு பொத்தான் அறுந்திருப்பதைக் கண்ட டைலர் பட்டீஸ்வரன் கையிலிருந்த சிவப்புப் பொத்தானை வைத்துத் தைத்துவிட்டார், கரண்ட் வந்து கரடி உள்ளே போன பிறகு திரையிலும் அந்தச் சிவப்புப் பொத்தான் இருந்தது, கதை முடியும் வரைக்கும் இருந்தது. மாரியம்மன் கோயில் பூசாரி கேப்டனுக்குத் திருநீறு பூசிவிட்டார். நெற்றி நிறையப் பட்டையோடு கேப்டன் நடுக்கடலில் புயலோடு மல்லுக்கட்டியதைப் பார்க்க அன்றைக்குக் கடைக்குள் நிற்க இடமில்லை. கணக்கெடுப்புக்கு வந்தவர் இவர்களையும் எழுதுவதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் முழித்தார், கரண்ட் இருக்கும்போது இருக்கிறவர்களைத்தான் எழுத வேண்டும் என்று தானே ஒரு முடிவுக்கு வந்து போய்விட்டார்.

இவர்களெல்லாம் வந்து சேர்ந்ததற்குத் திருமூர்த்தியின் ஒரு கணக்கே காரணம். மற்ற ஊர் கடைகளில் துப்பாக்கியும் காருமாகப் பெரிய பெரிய கேம்கள் ஓடின. பாதியில் கரண்ட் போனால் அரை நாள் உழைப்பு அம்பேல் ஆகிவிடும், பசங்கள் காசைத் திருப்பிக் கேட்பார்கள். அவன் தேடிப் பிடித்ததோ பாகம் பாகமாக வரும் சாகசக் கதைகள். ஒரு பாகம் ஒரு கரண்டுக்குள் முடிந்துவிடும். ஆட்களோடு பேச வேண்டும், பெட்டிகளைத் திறந்து பார்க்க வேண்டும், யாராவது ஏதாவது கேட்டால் கீழே மூன்று பதில்கள் தோன்றும், ஒரு கோடு தேய்ந்து முடிவதற்குள் ஒன்றைத் தொட வேண்டும், தொடாவிட்டால் நம் ஆள் பேசாமல் நிற்பார், அதையும் கதை மனதில் வைத்துக்கொள்ளும். அடுத்த பாகம் வர மாதக்கணக்காகும். அதுவரைக்கும் என்ன ஆகியிருக்கும், யார் செத்திருப்பார்கள், கேப்டன் கரை சேர்வாரா என்று ஊரே பேசிக்கொண்டிருக்கும், கேப்டனும் பக்கத்தில் உட்கார்ந்து தனக்கும் தெரியாது என்று கையை விரிப்பார்.

கடைசியாக வந்தவள் மார்த்தா. இரவில் ஓடும் ஒரு ரயிலில் டிக்கெட் பரிசோதிப்பவள். அந்தக் கதைக்கு ஐந்து ஸ்டேஷன், ஐந்து பாகம். காணாமல் போன தம்பியைப் பெட்டி பெட்டியாகத் தேடிக்கொண்டு போவாள். நீலக் கோட்டும் கையில் துளை போடும் கருவியுமாக அவள் முதல் தடவை வெளியே வந்தபோது, வீதியில் பாய் விரித்திருந்த எல்லாரிடமும் டிக்கெட் கேட்டாள். ருக்குமணியக்கா முந்தானை முடிச்சிலிருந்து ஒரு பல்லடம் பஸ் டிக்கெட்டை எடுத்து நீட்ட, அவள் அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துத் துளை போட்டுக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவளுக்கு இட்லிக்கடைதான் பள்ளிக்கூடம், தமிழை அங்கேயே கற்றுக்கொண்டாள், அதுவும் ருக்குமணியக்காவின் தமிழை. கரண்ட் போனதும் வந்து கடைப் படியில் திருமூர்த்திக்குப் பக்கத்தில் உட்காருவாள். ரெண்டு பேரும் பெரிதாக ஒன்றும் பேசியதில்லை. கொசு கடித்தால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை, வைக்கத் துணிச்சலும் இல்லை, ஆனால் கரண்ட் போகும் நேரம் பார்த்துத் தலைசீவிக்கொண்டான் என்பதை வீதியே அறியும்.

வீதிக்கு இன்னொன்றும் தெரியும். கதை முடிந்தவர்கள் திரும்ப வருவதில்லை. கரடி கேஸில் ஜெயித்தது, அதற்குப் பிறகு எத்தனை தடவை கரண்ட் போயும் ருக்குமணியக்காவின் போண்டா ஆறிக்கிடந்ததுதான் மிச்சம். கேப்டன் கரை சேர்ந்தார், அவரோடு அதுவும் முடிந்தது. அதனால்தான் மார்த்தாவின் நான்காம் பாகம் முடிந்து, அவள் கடைசிப் பெட்டியின் கதவில் கை வைத்து நிற்கும் இடத்தில் கதை தொங்கி நின்று, ஒரு வருசம் கழித்து ஐந்தாம் பாகமும் வந்து சேர்ந்தபோது, திருமூர்த்தி அதை இறக்கி வைத்தானே தவிரத் திறக்கவில்லை. கேட்ட பசங்களிடம் கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டான். கதை முடியாத வரைக்கும் அவள் வருவாள் அல்லவா. அவன் போட்ட கணக்கில் ஒன்றே ஒன்று விட்டுப்போனது: கரண்ட் போவது நின்றுவிடும் என்று அவனும் நினைக்கவில்லை, யாரும் நினைக்கவில்லை. ஒரு ஆடி மாதத்தோடு அது நின்றது. ஊர் கோயிலில் பொங்கல் வைத்துக் கொண்டாடியது. அவன் கடைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான், மார்த்தா கதவில் கை வைத்தபடியே நின்றாள்.

வருசங்கள் ஓடின. மூர்த்தி கேம்ஸ் இப்போது ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமுமாகப் பிழைக்கிறது, பின்கட்டில் மட்டும் பழைய கம்ப்யூட்டர் ஒன்று துணி போர்த்திக்கொண்டு இருக்கிறது. திருமூர்த்திக்குக் காதோரம் நரைத்துவிட்டது. இத்தனைக்கும் நடுவில் கடை மெயினை அணைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து பார்க்காத நாளில்லை. ஒருத்தரும் வந்ததில்லை.

அங்கேதான் ஒரு நாள் காலையில் விசாலாட்சியம்மா வந்து நின்றார். கரண்ட் ஆபீஸில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், அந்தக் காலத்தில் எந்த வீதிக்கு எப்போது கரண்ட்டை நிறுத்துவது என்பது அவர் கையில்தான் இருந்தது. மேலேயிருந்து வந்த உத்தரவைத்தான் செய்தார், என்றாலும் ஊர் திட்டியது அவரைத்தான். போன் போட்டு ஆளாளுக்கு வாய்க்கு வந்தபடி பேசினார்கள், திருமூர்த்தியும் பேசியிருக்கிறான். இப்போது கல்யாணம் காட்சி என்று நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே கிளம்பினாலும் கடைசியில் கரடியில் வந்து நிற்கும், கேப்டனின் திருநீற்றில் வந்து நிற்கும். விசாலாட்சியம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் அப்படியே அடங்கிவிடும். வீதி முழுக்க இருட்டில் அவர்களோடு உட்கார்ந்திருந்தபோது அந்தம்மா மட்டும் சப் ஸ்டேஷனில் விளக்கு வெளிச்சத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். ஊரில் கரடியைப் பார்க்காத ஒரே ஆள் அவர்தான்.

"தம்பி, நானு இதுவரைக்கும் ஒரு கேமும் ஆடுனதில்லீங்க. புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு எது தோதுப்படும்னு சொல்லுங்க. பழசாவே இருக்கட்டும்" என்றார்.

திருமூர்த்தி ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தான். இந்தக் கேள்வியை அவனிடம் யாராவது கேட்டே வெகுகாலம் ஆகியிருந்தது. பிறகு மடை திறந்தது மாதிரி பேசினான். இப்போது வருவதெல்லாம் ஒரு தாலுகா அளவுக்கு நிலப்படம் விரிக்கிற கேம்கள், உள்ளே போனால் வழி தெரியாது, வேண்டாம். பழைய பாகக் கதைகளில் ஆரம்பியுங்கள், விரல் வேகம் வேண்டியதில்லை, தப்பாகப் பதில் சொன்னாலும் அதுவும் கதைதான். முதலில் கரடி, சிரிப்பாக இருக்கும். அடுத்தது கேப்டன், அதில் மூன்றாம் பாகம் கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கொண்டால் நாலாவது அதற்கும் சேர்த்துக் கொடுத்துவிடும். ரயில் கதை கடைசியில், அவசரப்படாமல். ஒரே நாளில் ரெண்டு பாகம் கூடாது, நடுவில் நாலு நாளாவது விட்டு அவர்களை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும், அந்த நினைப்பு இல்லாவிட்டால் இந்தக் கேம்களில் ஒன்றுமே இல்லை. சொல்லி முடித்துவிட்டு அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான், விசாலாட்சியம்மா நாகரிகமாகச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

கரடிக் கதையின் முதல் பாகம் முழுக்க அந்தம்மா ஒரு பதிலும் தொடவில்லை. நீதிபதி கேட்டார், எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார், கோடு தேய்ந்து தேய்ந்து முடிந்தது, கரடி வாயைத் திறக்காமல் நின்றது. எதிரில் இருப்பவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தாராம், வருசக்கணக்காகப் போனில் திட்டு வாங்கிய பழக்கம். ரெண்டாம் பாகத்தில் தொட ஆரம்பித்தார், ஆனால் மூன்று பதில்களில் எது "பார்க்கிறோம், செய்கிறோம்" என்கிற மாதிரி இருக்கிறதோ அதையே தொட்டார். திருமூர்த்தி வயிறு வலிக்கச் சிரித்தான். பிறகு கேப்டனின் கடைசிப் பாகத்தில், கப்பலைக் கைவிடலாமா என்று மாலுமி கேட்டபோது, அந்தம்மா கோடு பாதிகூடத் தேயாத நேரத்தில் வேண்டாம் என்று அடித்தார். அவன் அன்றைக்கு அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தான்.

ரயில் கதைக்கு வந்தபோது திருமூர்த்தி பக்கத்தில் உட்காரவில்லை. கல்லாவிலிருந்தே சத்தத்தை மட்டும் கேட்டான். நான்காம் பாகம் முடிந்து, நீலக் கோட்டின் கை கதவில் பட்டு நின்றதும், விசாலாட்சியம்மா அடுத்தது என்று கேட்டார். அவ்வளவுதான், அதோடு கம்பெனியை மூடிவிட்டார்கள் என்றான்.

"ஸ்விட்ச் போர்டு பாத்தே வளந்தவ நானு. அஞ்சுன்னு போட்டு ஒண்ணு மூலையில இருக்குதுங்களே தம்பி."

அப்போதுதான் அவன் சொன்னான், யாரிடமும் சொல்லாததைச் சொன்னான். அவள் படியில் உட்கார்ந்தது, கதை முடிந்தால் வரமாட்டாள் என்று அவன் பயந்தது, கதையை முடிக்காமலும் அவள் வராமல் போனது, மெயினை அணைத்து அணைத்துப் பார்த்தது. விசாலாட்சியம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். முடிவை அவன்மேல் திணிக்கவில்லை. ஒன்றை மட்டும் திருத்தினார்: கடை மெயினை மட்டும் அணைத்தால் அதற்குப் பெயர் கரண்ட் கட் இல்லை, ரிப்பேர். ஒரு கடையில் ரிப்பேர் என்றால் யார் வெளியே வந்து உட்காருவார்கள். வீதியே வந்தால்தான் அவர்களும் வருவார்கள். தானும் ஒரு தடவை அந்த இருட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று, கேட்கக் கூச்சப்பட்ட மாதிரி, கடைசியில் சேர்த்துக்கொண்டார்.

ஆகையினால் கரண்ட் கொடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற விசாலாட்சியம்மா, கரண்ட்டை நிறுத்தச் சொல்லி வீடு வீடாகப் போனார். ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாய்ந்த பிறகு, அவரவர் வீட்டு மெயினை அவரவரே இறக்க வேண்டும், இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும், போனை உள்ளேயே வைத்துவிட வேண்டும். அன்றைக்கு நிறுத்தினதுக்கு வாங்கிக் கட்டிக்கிட்டது பத்தலையா என்று ருக்குமணியக்கா கேட்டுச் சிரித்தார், சிரித்த கையோடு அந்தம்மாவை உட்கார வைத்துக் காபி கொடுத்தார். சீரியல் பார்க்கிற வீடுகள் முரண்டு பிடித்தன. மாடி வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு விஷயமே புரியவில்லை, பட்டீஸ்வரன் போய் அந்தச் சிவப்புப் பொத்தான் கதையைச் சொல்லிவிட்டு வந்தார், அவர்கள்தான் முதலில் சம்மதித்தார்கள். எதற்கு இந்த ஏற்பாடு என்று மற்றபடி யாரும் துருவவில்லை. எல்லாருக்கும் அது வேண்டியிருந்தது, கேட்க ஒரு ஆள் வராமல் இருந்தது, அவ்வளவே.

ஞாயிற்றுக்கிழமை விளக்குகள் ஒவ்வொரு வீடாக அணைந்தன. வீதி வெளியே வந்தது. விசிறிகளைப் பரண்மேலிருந்து தேடி எடுத்திருந்தார்கள், பாதி பூச்சி அரித்திருந்தது. யாரோ ஒருவர் காற்றே இல்லை என்றார், இன்னொருவர் ஆமாம் என்றார், அதைப் பிடித்துக்கொண்டு பழைய பேச்சு மெல்ல ஏறி வந்தது. விசாலாட்சியம்மா கடைப் படியின் ஓரமாக, பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். கடைக்குள்ளிருந்து மார்த்தா வந்தாள்.

அவளுக்கு வயதாகவில்லை. நீலக் கோட்டு அப்படியே இருந்தது. வீதிதான் நரைத்திருந்தது, அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள், ருக்குமணியக்காவின் பல்லில்லாத வாயைப் பார்த்துக் கன்னத்தைத் தொட்டாள். எத்தனை வருசமாச்சு கண்ணு என்று சொல்லி அக்கா அழுதார். புதிதாக இருக்கும் இந்தம்மா யார் என்று மார்த்தா விசாரிக்க, அந்தக் காலத்தில் கரண்ட்டை நிறுத்தியது இவர்தான் என்று பட்டீஸ்வரன் சொன்னார். வீதி மார்த்தாவின் முகத்தைப் பார்த்தது. மார்த்தா விசாலாட்சியம்மாவின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள், நல்லது செஞ்சீங்க என்றாள். பணியில் இருந்த காலம் முழுக்க ஒருவர்கூடச் சொல்லாத சொல் அது, அந்தம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

பிறகு அவள் வழக்கமான இடத்தில், திருமூர்த்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் தலைசீவியிருந்தான். இன்றைக்கு மட்டும் மெயினை அவன் சொல்லும் வரை யாரும் ஏற்றுவதாக இல்லை, வீதியே அப்படிப் பேசி வைத்திருந்தது. அவன் வாயைத் திறக்காவிட்டால் விடிய விடியக்கூட அவள் இருப்பாள். வாராவாரம் இப்படி நிறுத்தலாம். ஐந்தாம் பாகத்தை அழித்தேகூட விடலாம், கேட்க யார் இருக்கிறார்கள். இதையெல்லாம் அவன் நினைத்தான், வெட்கப்படாமல் நினைத்தான். கொசு கடிப்பதாக அவளிடம் சொன்னான். அவளும் ஆமாம் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, குற்றம் சொல்கிற மாதிரி இல்லாமல், வீட்டு விஷயம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"ஏனுங்ணா, அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ இருமறாங்க. நின்னதுலிருந்து கேட்டுட்டே இருக்கறனுங்க."

திருமூர்த்தி விசிறுவதை நிறுத்தினான். விசிறியைப் படியில் வைத்தான். எழுந்து உள்ளே போய், இருட்டில் தடவி, கடையின் மெயினை ஏற்றினான். போர்டு எரிந்தது. வீதி அதைப் பார்த்துப் புரிந்துகொண்டது; எதிர்வீட்டில் ஒரு விளக்கு எரிந்தது, அப்புறம் இட்லிக்கடையில், அப்புறம் மாடி வீட்டில். மார்த்தா எழுந்து கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டாள். போறேனுங்ணா என்றாள். போய்ட்டு வர்றேன்னு சொல்லணும் கண்ணு என்று எப்போதும் திருத்துகிற ருக்குமணியக்கா அன்றைக்குத் திருத்தவில்லை.

விசாலாட்சியம்மா கம்ப்யூட்டர் முன்னால் கிடந்த நாற்காலியை இழுத்து அவனுக்குப் போட்டுவிட்டுப் பின்னால் நின்றுகொண்டார். அவன் ஐந்தாம் பாகத்தைத் திறந்தான். கதவு திறந்தது. கடைசிப் பெட்டியில் மங்கிய விளக்கின் கீழே, போர்வையைச் சுற்றிக்கொண்டு, மெலிந்துபோன ஒரு பையன் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்து எழ முயன்று முடியாமல், அவர்கள் ஊர் பாஷையில், ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டான்.

கீழே மூன்று பதில்கள் வந்தன. வழி தவறிவிட்டது. ரயில் நின்றுவிட்டது. என்னை ஒருவர் போக விடவில்லை. கோடு தேயத் தொடங்கியது. மூன்றாவதுதான் நிஜம் என்று திருமூர்த்திக்குத் தெரியும், அதைத் தொடத்தான் கையைக் கொண்டுபோனான், கை நகரவில்லை. முதல் இரண்டைத் தொட மனசு வரவில்லை. கோடு தேய்ந்து முடிந்தது. அவள் பேசாமல் நிற்கப் போகிறாள், இத்தனை வருசம் காத்திருந்த தம்பிக்கு முன்னால் பதிலில்லாமல் நிற்கப் போகிறாள் என்று அவன் கண்ணை மூடிக்கொண்டபோது, மார்த்தாவின் குரல் கேட்டது, ருக்குமணியக்காவின் தமிழில்.

"வழியில நல்லவங்க இருந்தாங்க சாமி. உக்காரச் சொன்னாங்க, உக்காந்துட்டேன்."

அந்தப் பையனுக்கு எப்படிப் புரிந்ததோ, தலையை ஆட்டிக்கொண்டு தள்ளி உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டான். ரயில் கிளம்பியது. திருமூர்த்தி மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான், விசாலாட்சியம்மா அவன் முதுகில் கையை வைத்தபடி, திரையில் ஓடிய பெயர்களைக் கடைசிப் பெயர் வரைக்கும் மரியாதையாகப் படித்தார். வெளியே வீதி முழுக்க விளக்கு எரிந்தது, எல்லா வீட்டிலும் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் இன்னும் உள்ளே போகவில்லை.